ஐந்தாவது நாற்காலி

போன மாதம் முருகேசன் கப்பலிலிருந்து பேசினான். வன்னியம்பட்டிக்காரன். என் கீழே மாலுமியாக இருந்தவன், இப்போது ஓர் எண்ணெய்க் கப்பலில் போசன். போசன் என்றால் மேல்தள மாலுமிகளுக்கு மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நானும் அந்த வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றேன்.

"அண்ணாச்சி, இனிமே ஆள் எண்ணுத வேலையே இல்ல. எல்லாருக்கும் கையில ஒரு பட்டை மாட்டிட்டாக. யாரு எந்த ரூமுக்குள்ள இருக்காகன்னு கம்ப்யூட்டரே காட்டிக் குடுத்துருது" என்றான். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"நல்லதுதாம்ல. பட்டையக் கழட்டி மேசையில வச்சிட்டு ஒருத்தன் வெளிய போயிட்டான்னா?" என்று கேட்டேன்.

அதற்கு அவன் சொன்னான்: "அந்த அஞ்சு நாற்காலி கதைய எழுதிக் குடுங்க அண்ணாச்சி. இங்க ஆளுகளுக்கு வாசிச்சுக் காட்டணும். கொள்ளைக்காரனுக மறுபடி தலைகாட்டுதானுகன்னு சேதி வருது. எனக்கு அரைகுறையாத்தான் தெரியும்."

அவனுக்கு அரைகுறையாகத் தெரிந்ததற்குக் காரணம் அவன் காது அல்ல, என் வாய். அந்தக் கதையை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரு சின்ன விஷயத்தை விட்டுவிட்டுத்தான் சொல்வேன். இந்தத் தடவை அதையும் எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் ராஜபாளையம். தெருவில் நின்று பார்த்தால் மேற்கே மலை தெரியும். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறி மூன்று மணி நேரம் போக வேண்டும். பள்ளிக்கூடம் முடித்து இரண்டு வருடம் நூல் மில்லில் வேலை பார்த்தேன். பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளாமல் இளைப்பு வந்தது. தூத்துக்குடியில் மாலுமிப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள், போய் நின்றேன். பயிற்சி, முதல் கப்பல், வாந்தி, துருச் சுரண்டல், பெயின்ட். முதல் பத்து வருடம் அவ்வளவுதான். எல்லா மாலுமிக்கும் அதே கதை என்பதால் நீட்டவில்லை. சுரண்டிப் பெயின்ட் அடித்து, பெயின்ட் அடித்ததையே மறுபடி சுரண்டி, ஒரு வழியாகப் போசன் ஆனேன்.

ஊருக்கு விடுமுறையில் வந்தால் முடிதிருத்தும் கடையில் கேட்பார்கள். "இந்தக் காலத்துலயும் கடல் கொள்ளைக்காரன் இருக்கானா? ஒத்தக் கண்ணுல கறுப்புத் துணி கட்டியிருப்பானா?" நான் பார்த்தவர்கள் கிழிந்த பனியன் போட்டு, கைலி கட்டியிருந்தார்கள். மிளகும் முத்தும் கப்பலேறிய காலத்திலிருந்தே பின்னாலேயே கொள்ளையும் வந்திருக்கிறது. சரக்கு எந்த வழியோ கொள்ளைக்காரனுக்கும் அதுதான் வழி. கடல் குறுகுகிற இடத்தில் காத்திருப்பான். எங்கள் ஊரில் நெய்கிற பேண்டேஜ் துணியும் மேற்கே போக வேண்டுமென்றால் அந்தக் குறுகல் வழியாகத்தான் போயாக வேண்டும். இதைச் சொன்னால் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு, "அப்ப நம்ம சரக்கும் அதுல மாட்டுமா?" என்று அப்போதுதான் கவலைப்படுவார்கள்.

கேப்டன் குரியனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையாளி. சென்னையில் படித்தவர் என்பதால் தமிழ் பேசுவார், ஆனால் வானொலியில் செய்தி வாசிப்பவர் போலப் பேசுவார். சமையல்காரர் முதல் சீஃப் எஞ்சினியர் வரை அவருக்கு எல்லோரும் 'நீங்கள்'தான். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சட்டைப் பையில் ஒரு பென்சிலும் ஒரு பிளேடும் இருக்கும். கோபம் வந்தால் பென்சிலைச் சீவுவார். பென்சில் குட்டையாகிவிட்டால் அந்தப் பயணம் சரியில்லை என்று நாங்கள் தெரிந்துகொள்வோம்.

அவரோடு நான் செய்த முதல் ஒத்திகை மறக்காது. ஆபத்து மணி அடித்தால் எல்லோரும் ஓர் இடத்தில் கூட வேண்டும், போசன் எண்ணிச் சொல்ல வேண்டும். எங்கள் கப்பலில் இருபத்தொரு பேர். இரண்டு வரிசையாக நின்றார்கள். கண்ணை ஓட்டினேன். "இருபத்தொண்ணு சார், சரியா இருக்கு" என்றேன்.

"எண்ணினீர்களா, தொட்டீர்களா?" என்று கேட்டார்.

"எண்ணினேன் சார்."

அவர் திரும்பி, "செல்வராஜ், வாருங்கள்" என்றார். சமையல்காரர் செல்வராஜ் அடுப்படியிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். கேப்டனே அவரை அங்கே நிறுத்தி வைத்திருக்கிறார். நான் இல்லாத ஆளைச் சேர்த்து எண்ணியிருந்தேன். பிறந்ததிலிருந்து அப்படி ஒரு வெட்கம் எனக்கு வந்ததில்லை.

"கண் பழகியதைத்தான் பார்க்கும், போசன். கைக்கு அந்தக் கெட்ட பழக்கம் இல்லை" என்றார். பென்சிலைச் சீவவில்லை. அதனால் அது கோபமில்லை என்று புரிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து எங்கள் முறை இதுதான். ஒவ்வொருவர் தோளையும் நான் தொட வேண்டும். தொடப்பட்டவர் தன் பெயரைச் சொல்ல வேண்டும். ஒன்று, இரண்டு என்று எண் சொல்லக் கூடாது. எண்ணை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம், பெயரை அவரவர்தான் சொல்ல முடியும் என்பார். முதலில் எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. தோளைத் தொட்டதும் செல்வராஜ் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நெளிவார். போகப்போகப் பழகிவிட்டது.

கொள்ளைக்காரர்கள் நடமாடும் கடலுக்குள் நுழையும் முன் கப்பலைத் தயார் செய்வது போசன் வேலை. சுற்றிலும் முள்கம்பிச் சுருள். கைப்பிடிச் சுவர் ஓரமாகத் தண்ணீர் பீய்ச்சும் குழாய்கள். கப்பலின் வால் பக்கத்தில், தளத்துக்குக் கீழே, சுக்கானைத் திருப்பும் எந்திர அறை இருக்கிறது. அதற்குள் தண்ணீர், பிஸ்கட், மருந்து, ஒரு சாட்டிலைட் போன். கொள்ளைக்காரர் ஏறிவிட்டால் எல்லோரும் அதற்குள் போய்ப் பூட்டிக்கொள்ள வேண்டும், எஞ்சினையும் நிறுத்திவிட வேண்டும். பிணையாகப் பிடிக்க ஆளில்லை என்றால் போர்க்கப்பல் துணிந்து உதவிக்கு வரும். ஒரே ஓர் ஆள் வெளியே மாட்டியிருந்தாலும் வராது. அவர்கள் போனில் முதலில் கேட்கும் கேள்வியே, எல்லோரும் உள்ளே இருக்கிறீர்களா என்பதுதான்.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. பொம்மைகள். பழைய ஆரஞ்சு நிற வேலை உடுப்பில் பஞ்சை அடைத்து, தலைக்கு ஹெல்மெட் மாட்டி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டிவிடுவோம். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு ஆள் காவலிருப்பது போலத் தெரியும். எஞ்சின் துடைக்க வருகிற கழிவுப் பஞ்சுதான் உள்ளே. பஞ்சுக்குப் பயந்து ஓடி வந்தவனை நடுக்கடலில் பஞ்சடைக்க வைத்துவிட்டார்கள். எட்டுப் பொம்மை செய்தோம். செல்வராஜ் ஒன்றுக்குத் தன் மாமனார் பெயரை வைத்து, காலையில் அதற்குச் சலாம் போடுவார்.

மகாராஜபுரத்தில் என் மாமாவுக்கு மக்காச்சோளக் காடு உண்டு. மலையிலிருந்து காட்டுப் பன்றி இறங்கும். பொம்மையை ஒரே இடத்தில் நிறுத்தினால் பன்றிக்கு ரெண்டே நாளில் தெரிந்துவிடும் என்று தினமும் இடம் மாற்றுவார். இதைக் கேப்டனிடம் சொன்னேன். இடம் மாற்றுவதோடு, பொம்மை வரிசையில் உயிருள்ள ஆள் ஒருவரையும் உட்காரவைத்தால் என்ன என்றேன். அதே உடுப்பு, அதே ஹெல்மெட். அவ்வப்போது வலது கையைத் தூக்கி ஹெல்மெட்டைத் தொட்டால் போதும், வரிசை முழுக்க உயிர் வந்துவிடும். கேப்டன் யோசித்துவிட்டு, "நல்ல யோசனை" என்றார். அவர் வாயால் அதைக் கேட்டதில் ஒரு சுற்றுப் பருத்துவிட்டேன். யோசனை என்னுடையது என்பதை மறந்துவிடாதீர்கள்.

அந்தப் பயணத்தில் உர மூட்டை நிறைய ஏற்றி, கப்பல் தண்ணீருக்குள் நன்றாக இறங்கியிருந்தது. ஏணி போட வசதியான உயரம். காவலுக்குக் கூடவே வந்த போர்க்கப்பல் தன் காவல் எல்லை வரை வந்து விடைபெற்றுக்கொண்டது. மறுநாள் காலை ஆறு மணிக்கு வால் பக்கத் தளத்தில் நான் நாற்காலிகளை இடம் மாற்றினேன். வலது ஓரத்தில் ஐந்து நாற்காலி. நான்கில் பொம்மை. ஐந்தாவது காலி, எட்டு மணிக்கு அந்தோணி அண்ணன் வந்து உட்கார வேண்டியது.

அந்தோணி தூத்துக்குடிக்காரர். மாலுமி. என்னைவிட இரண்டு வயது மூத்தவர், மூன்று கப்பலில் என்னோடு வந்தவர். நான் போசனாக இருந்தாலும் அவருக்கு நான் 'ஏலே கருப்பா'தான். எனக்கு அவர் அண்ணன். டீ இல்லாமல் அவரால் எதுவும் முடியாது. ஒரு பெரிய எவர்சில்வர் டம்ளர் வைத்திருப்பார், வேறு எதிலும் குடிக்க மாட்டார்.

காலைச் சாப்பாட்டு நேரம். நான் முன்பக்கத் தளத்தில் குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. கப்பலை ஓட்டும் பிரிட்ஜ் அறையிலிருந்து ஒலிபெருக்கியில் கேப்டன் குரல், அதே செய்தி வாசிக்கிற குரல்: "வலது பக்கம், பின்னால், ஒரு படகு. மிக அருகில். எல்லோரும் உள்ளே செல்லுங்கள். இது ஒத்திகை அல்ல."

கப்பலின் நீளத்துக்கும் ஓடினேன். துப்பாக்கிச் சத்தம் கேட்டது. வால் பக்கத் தளத்தை இடது ஓரமாகக் கடந்து படியில் இறங்கினேன். நான்தான் கடைசி. கதவை இழுத்து எட்டுக் கொண்டியையும் அடித்து இறுக்கி, குறுக்கே இரும்புச் சட்டத்தைப் போட்டேன். சீஃப் எஞ்சினியர் எஞ்சினை நிறுத்திவிட்டு வந்திருந்தார். பேட்டரி விளக்கு இரண்டு மட்டும் எரிந்தன.

"போசன், எண்ணுங்கள்" என்றார் கேப்டன்.

தொட்டேன். பெயர் சொன்னார்கள். யாரும் நெளியவில்லை. என்னையும் சேர்த்து இருபது. மறுபடி தொட்டேன். இருபது. மூன்றாவது தடவை தொடும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. எந்தப் பெயரை நான் கேட்கவில்லை என்பது தெரிந்துவிட்டது.

"அந்தோணி அண்ணன் இல்ல சார்" என்றேன். என் கை தானாக வாக்கி டாக்கிக்குப் போனது. கேப்டன் என் கைமேல் கையை வைத்து அழுத்தினார்.

"கூப்பிடாதீர்கள். ஒளிந்திருந்தால் உங்கள் குரலே அவரைக் காட்டிக்கொடுக்கும்."

"நான் போய்க் கூட்டிட்டு வாரேன் சார். கதவத் திறங்க."

"நீங்கள் போனால் இருபது பத்தொன்பதாகும். உட்காருங்கள்."

மேலே ஓடுகிற சத்தம் கேட்டது. செருப்பில்லாத கால்கள். கேப்டன் சாட்டிலைட் போனில் போர்க்கப்பலைப் பிடித்தார். இருபத்தொரு பேரில் இருபது பேர் உள்ளே, ஒருவரைக் காணவில்லை என்றார். அவர்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு எங்களிடம் திரும்பினார். போர்க்கப்பல் நம்மை நோக்கித் திரும்பிவிட்டது, சில மணி நேரத்தில் வந்துவிடும், ஆனால் அந்த ஒருவர் எங்கே என்று தெரியாமல் யாரும் இதில் ஏற மாட்டார்கள் என்றார்.

உள்ளே வெக்கை ஏறியது. எல்லோரும் வியர்வையில் நனைந்து தரையில் கிடந்தோம். கொள்ளைக்காரர்கள் கதவைக் கண்டுபிடித்து எதையோ கொண்டு இடித்தார்கள். ஒவ்வோர் இடிக்கும் கொண்டிகள் அதிர்ந்தன. பிறகு மேலே போய்விட்டார்கள். சற்று நேரத்தில், எங்கள் தலைக்கு நேர் மேலே, படபடவென்று துப்பாக்கி வெடித்தது. அதற்குப் பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. செல்வராஜ்தான் முதலில் வாயைத் திறந்தார். அவருடைய அண்ணன் வேறொரு கப்பலில் இந்தக் கொள்ளைக்காரர்களிடம் ஏழு மாதம் பிணையாகக் கிடந்து, பாதி உடம்பாக வீட்டுக்கு வந்தவர். அவர் பேசியதில் எனக்கு இன்றும் குறை இல்லை.

"போசன், முடிஞ்சு போச்சு. சத்தத்தக் கேட்டீக இல்ல? இனி அந்தோணிக்காகக் காத்திருந்து என்ன ஆகப்போகுது? எல்லாரும் உள்ள இருக்கோம்னு சொல்லச் சொல்லுங்க. எங்க அண்ணன் பட்டத நான் பட முடியாது. எனக்கு ரெண்டும் பொம்பளப் பிள்ளைக."

மற்ற எல்லோர் கண்ணும் என்மேல்தான் இருந்தது. எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. என் வீட்டில் அப்போது மகளுக்கு ஆறு வயது. ஒரே ஓர் எண்ணை மாற்றிச் சொன்னால் நான் அவளிடம் போய்விடலாம்.

கேப்டன் பென்சிலை எடுத்தார், ஆனால் சீவவில்லை. "எண்ணிக்கை போசனுடையது. நான் என்ன சொல்லட்டும்?" என்று என்னைக் கேட்டார்.

"இருவது உள்ள, ஒண்ணு வெளிய" என்றேன்.

"சத்தம் கேட்டீர்கள் அல்லவா?"

"கேட்டேன் சார். ஆனா தொட்டுப் பாக்கலையே. தொடாம ஒரு ஆளக் கழிக்க மாட்டேன்."

செல்வராஜ் என் சட்டையைப் பிடித்துவிட்டார். "உங்க பிடிவாதத்துக்கு நாங்க சாகணுமா?" என்றார். இரண்டு பேர் அவரை விலக்கினார்கள். பிடிவாதம்தான். கேப்டன் கேட்டுப் பழக்கிய பிடிவாதம். அப்போது என்னிடம் வேறு எதுவும் இல்லை.

கேப்டன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கடைசியாக அவரை எங்கே பார்த்தீர்கள்? நன்றாக யோசியுங்கள்" என்றார்.

ஓடி வந்த ஓட்டத்தைத் திரும்ப ஓடிப் பார்த்தேன். இடது ஓரம். படி. இறங்கும் முன் வலது பக்கம் கண் போனது. ஆரஞ்சு முதுகுகள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஆறு மணிக்கு நான் வைத்த பொம்மை நான்கு.

"சார், அஞ்சு நாற்காலியிலயும் ஆள் இருந்துச்சு" என்றேன். "நான் வச்சது நாலுதான். அண்ணன் எட்டு மணி முறைக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்காக. எல்லாத்தையும் பொம்மைன்னு நெனச்சு ஓடியாந்துட்டேன்."

அப்போது நான் அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன். கேப்டன் என்னைத் தேற்றவில்லை, திட்டவுமில்லை. போனை எடுத்தார். ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். கப்பலின் பின்பக்கம், வலது ஓரம், ஆரஞ்சு உடுப்பில் ஐந்து உருவங்கள். நான்கு பொம்மை. ஒன்று எங்கள் ஆளாக இருக்கலாம். உயிரோடு இருந்தால், சமயம் பார்த்து வலது கையால் ஹெல்மெட்டைத் தொடுவார். அந்த ஐந்தில் எதன்மேலும் சுடாதீர்கள்.

மதியம் தாண்டி ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. வந்தது, சுற்றியது, தூரமாகப் போனது, மறுபடி வந்தது. கேப்டன் போனைக் காதிலேயே வைத்திருந்தார். நாங்கள் பத்தொன்பது பேரும் அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். செல்வராஜ் தலைமேல் கையை வைத்துக்கொண்டு எதையோ முணுமுணுத்தார்.

"ஒன்று கீழே சாய்ந்து கிடக்கிறதாம்" என்றார் கேப்டன்.

பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. ஹெலிகாப்டர் கப்பலின் முன்பக்கம் போனதும் மேலே கால்கள் முன்பக்கமாக ஓடுகிற சத்தம் கேட்டது. கேப்டன் சட்டென்று நிமிர்ந்தார்.

"கடைசி நாற்காலி. கையைத் தூக்கினாராம்" என்றார். முதல் முறையாக அவர் குரல் உடைந்தது. "இரண்டு தடவை தூக்கினாராம்."

செல்வராஜ் என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். காலையில் பிடித்த அதே சட்டையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆள் இருக்கும் இடம் தெரிந்த பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. போர்க்கப்பலின் படகுகள் முதலில் வால் பக்கத்துக்குத்தான் வந்தன. வீரர்கள் ஏறி அந்த ஐந்து நாற்காலியைச் சுற்றி நின்ற பிறகே மற்ற இடங்களுக்குப் போனார்கள். ஓடாத கப்பலை வைத்துக்கொண்டு கொள்ளைக்காரர்களும் களைத்திருந்தார்கள். துப்பாக்கியைக் கடலில் போட்டுவிட்டுத் தலைமேல் கையை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். ஐந்து பேர், எல்லாம் ஒட்டிய வயிறு. எட்டுக் கொண்டியையும் நானே திறந்தேன்.

அந்தோணி அண்ணன் இன்னும் நாற்காலியில்தான் இருந்தார். கால் மரத்துப்போய் எழ முடியவில்லை. முகம் வெந்து தோல் உரிந்திருந்தது. உடுப்பு நனைந்து காய்ந்திருந்தது. மணி அடித்தபோது அவருக்கு நேர் கீழே படகு நின்றிருக்கிறது. எழுந்தால் சுடுவான் என்று வாக்கி டாக்கியை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஏறியவர்கள் ஐந்தையும் ஆள் என்று நினைத்துக் கத்தி, பக்கத்துப் பொம்மையைச் சுட்டிருக்கிறார்கள். பஞ்சு பறந்ததும் சிரித்து, அதை உதைத்துத் தள்ளியிருக்கிறார்கள். அது செல்வராஜின் மாமனார். ஒருவன் மூன்றாவது பொம்மையின் பூட்ஸைக் கழற்றிப் போட்டுப் பார்த்து, அளவு சேராமல் எறிந்துவிட்டு, அண்ணனின் பூட்ஸையும் தொட்டானாம். முடிச்சு இறுக்கமாக இருந்ததால் சலித்துப்போய் விட்டுவிட்டானாம்.

நான் அவர் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தேன். தோளைத் தொடக் கையை நீட்டினேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"ஏலே கருப்பா, ஓடும்போது நீ என்னப் பாத்தியா?"

"பாத்தேன் அண்ணே. பொம்மைன்னு..."

"டம்ளரையும் பாத்தியா?"

நான் இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லாதது இதுதான். பார்த்தேன். ஐந்தாவது நாற்காலிக்கு அடியில் எவர்சில்வர் டம்ளர் வெயிலில் பளபளத்தது. பொம்மை டீ குடிக்காது. அது என் மூளையில் பட்டது, கால் ஒரு நொடி தயங்கியது. அந்த நேரம் மறுபடி துப்பாக்கிச் சத்தம் கேட்டது. நான் ஓடிவிட்டேன். மறதி இல்லை, பழகிய கண்ணின் குற்றமும் இல்லை. பயம். கேப்டனிடம் நாற்காலியைச் சொன்னேன். டம்ளரைச் சொல்லவில்லை.

"டம்ளரையும் பாத்தேன் அண்ணே" என்றேன்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது, தோளைத் தொடவில்லை. அடுத்த துறைமுகத்தில் அவர் இறங்கி ஊருக்குப் போய்விட்டார். எத்தனையோ தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. அவர்மேல் கோபப்பட எனக்கு ஒரு காரணமும் இல்லை.

வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டால் டம்ளர் என்னோடு வீட்டுக்கு வரும், அவ்வளவுதான். அதனால் திரும்பப் போனேன். ஒன்று செய்தேன். பொம்மைகளின் முதுகில், கப்பலுக்குள்ளிருந்து பார்த்தால் மட்டும் தெரியும்படி, தோளிலிருந்து இடுப்பு வரை ஒரு வெள்ளைக் கோடு அடித்தேன். கடலிலிருந்து வருகிறவனுக்குத் தெரியாது. ஓடி வருகிற நம் ஆளுக்குத் தெரியும். கோடில்லாத முதுகு என்றால் அது மனுஷன், தோளைத் தட்டி இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். கம்பெனி ஆபீசிலிருந்து வந்த அதிகாரி ஒருவர், பொம்மைக்கு யூனிஃபார்மா என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நான் போன ஒவ்வொரு கப்பலிலும் கோடு அடித்தேன். அடிக்காமல் அந்தக் கடலுக்குள் போக மாட்டேன் என்று ஒரு தடவை ஒப்பந்தத்திலேயே கையெழுத்துப் போட மறுத்தேன். முருகேசன் அந்தக் கோட்டை இன்றும் அடிக்கிறான். பட்டை கட்டினாலும் கட்டாவிட்டாலும் அடிப்பான் என்று நம்புகிறேன்.

ஓய்வு பெற்ற மறு வருடம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மண்டபத்தில் என் மகளுக்குக் கல்யாணம். கேப்டன் வாழ்த்து அனுப்பியிருந்தார். அந்தோணி அண்ணனுக்கும் பத்திரிகை அனுப்பினேன். போன் எடுக்காதவர் வருவார் என்று நினைக்கவில்லை. முதல் பந்திக்கு எத்தனை பேர் என்று பார்த்துச் சொல்லக் கல்யாணச் சமையல்காரர் கேட்டதால் நாற்காலி வரிசைகளுக்கு நடுவே வேகமாக நடந்துகொண்டிருந்தேன். கடைசி வரிசையில் யாரோ முதுகைக் காட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தாண்டிப் போய்விட்டேன். பிறகு நின்றேன். அந்த நாற்காலிக்கு அடியில் ஒரு பெரிய எவர்சில்வர் டம்ளர் இருந்தது.

மண்டபத்தில் எல்லோருக்கும் காகிதக் கப்பில்தான் காபி கொடுத்தார்கள்.

திரும்பி நடந்தேன். பக்கத்தில் போய் நின்றதும் அவர் திரும்பாமலேயே சொன்னார்.

"என்னலே, முதுகுல கோடு இருக்கான்னு பாக்குதியா?"

கோட்டைப் பற்றி யார் அவருக்குச் சொன்னார்களோ தெரியாது. அன்று தொடாமல் நின்ற கையை நீட்டி அவர் தோளைத் தொட்டேன்.

"அந்தோணி" என்றார்.